கை ஊன்றாமல் எழும்ப: மாதவிடாய் நின்ற பின் வலுப்பயிற்சியோடு மின் தசைத்தூண்டலைச் சேர்க்கும் முறை

கனடாவில் இருக்கும் மகள் பொதி அனுப்பியிருந்தாள். சொக்லேட், வலித் தைலம், இரண்டு சோடி சப்பாத்து, அவற்றுக்கு நடுவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. பெட்டியில் இருந்து நான்கு கம்பிகள், கம்பி முனைகளில் ஒட்டும் பட்டைகள். 'அம்மாவின் முழங்காலுக்கு' என்று ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கரண்ட் அடித்துவிடும் என்ற பயம். ஆறு மாதம் கழித்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முப்பது ஆண்டுகள் பாடசாலையில் உடற்கல்வி கற்பித்தவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்.

மின்துடிப்பால் தசையைச் சுருங்கவைக்கும் கருவி அது என்று எனக்கு அப்போது அரைகுறையாகவே தெரியும். என் தொடையில் ஒட்டிப் பார்த்தேன். முதல் நாளே இருபத்தைந்து நிமிடம், தாங்கக்கூடிய உச்ச அளவில் வைத்தேன். அடுத்த மூன்று நாட்கள் படி இறங்க முடியவில்லை. தொடை கல்லாக இறுகிக் கிடந்தது. அந்த மூன்று நாட்களில்தான் இதை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும், அதன் பின் இரண்டு ஆண்டுகளாக நானும் அயலில் உள்ள சில பெண்களும் செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பாரம் தூக்குவதுதான் மருந்து, பெட்டி அதற்குத் துணை. இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்களே ஏமாறுகிறார்கள்.

உடம்பில் நடப்பது என்ன

கடைசியாக வந்த மாதவிடாய்க்குப் பின் தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கொள்வார்கள். பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் இது நிகழ்கிறது. சூலகங்களைச் சத்திரசிகிச்சையில் அகற்றியவர்களுக்கு எந்த வயதானாலும் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. சூலகம் சுரந்துவந்த ஈஸ்திரோஜன், எலும்பை அரிக்கும் கலங்களுக்குக் கடிவாளமாக இருந்தது. கடிவாளம் விழுந்ததும் அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. தசையும் கூடவே போகிறது. அதிலும் முதலில் மெலிபவை, சட்டென்று பலமாகச் சுருங்கும் விரைவு நார்கள். கிணற்றடிப் பாசியில் கால் வழுக்கும் கணத்தில் உங்களை விழாமல் பிடித்து நிறுத்துகிறவை அவைதான். தசையின் பருமன் குறைவதைவிட அதன் வலு இன்னும் வேகமாகக் குறையும். ஆகவே கண்ணாடியில் பார்த்து நிலைமையை அறிய முடியாது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளினார், உரலில் மா இடித்தார், அம்மியில் அரைத்தார். அவருக்கு வலுப்பயிற்சி என்ற சொல் தேவைப்படவில்லை. இன்று மோட்டர் இருக்கிறது, அரைக்கும் ஆலை இருக்கிறது, மிக்சி இருக்கிறது. அந்த வேலைகள் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவை பெண்களின் நாரியை முறித்த வேலைகள். ஆனால் தசைக்குப் பாரம் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பமும் வீட்டை விட்டுப் போய்விட்டது என்பதை உணரவேண்டும். நல்லூர்த் திருவிழாவில் வெளிவீதியில் அடி அழிக்கும் பெண்களைப் பாருங்கள். விழுந்து வணங்கி எழும்பி, மறுபடி விழுந்து எழும்பி வீதி சுற்றுகிறார்கள். அறுபது வயதில் அதைச் செய்ய முடிகிறவரின் தொடையும் இடுப்பும் என்ன நிலையில் இருக்கின்றன என்பதை எந்தக் கருவியும் அளந்து சொல்லத் தேவையில்லை.

மின்னோட்டம் செய்வதும் செய்யாததும்

தவளையின் காலை மின்சாரம் துடிக்கவைப்பதை இத்தாலியின் பொலோஞாவில் லூயிஜி கல்வானி ஆராய்ந்து 1791இல் வெளியிட்டார். நம் கைப்பெட்டி செய்வதும் அடிப்படையில் அதுதான். மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளையை, தோலுக்குக் கீழே ஓடும் நரம்பிலேயே ஒரு சிறு மின்துடிப்பு எழுப்பிவிடுகிறது. தசை சுருங்குகிறது.

இதில் நமக்குப் பயன்படும் நுட்பம் ஒன்று உண்டு. நாமாக ஒரு தசையை இயக்கும்போது உடம்பு சிக்கனம் பார்க்கும். முதலில் சிறிய, மெதுவான நார்க்கூட்டங்களை அழைக்கும். பாரம் கூடக் கூடத்தான் பெரிய, விரைவு நார்களை அழைக்கும். எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் 1960களில் விளக்கிய ஒழுங்கு இது. முழங்கால் நோவினால் பாரம் தூக்கவே முடியாத பெண்ணுக்கு அந்தப் பெரிய நார்கள் அழைப்பு வராமலே சோர்ந்துவிடும். போதாததற்கு, முழங்கால் வீங்கியிருந்தால் நரம்பு மண்டலமே தொடைத் தசைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் மின்துடிப்புக்கு இந்த வரிசையும் இல்லை, அந்தத் தடையும் இல்லை. பட்டைக்குக் கீழே எந்த நரம்பிழை அகப்படுகிறதோ, பெரியதோ சிறியதோ, அதை எழுப்பிவிடும். அதே காரணத்தால் தசை விரைவில் களைத்தும்போகும். நான் முதல் நாள் பட்ட பாட்டுக்கு அதுதான் காரணம்.

1970களில் யாக்கோவ் கோட்ஸ் என்ற சோவியத் விஞ்ஞானி, தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கே மின்தூண்டலால் 40 வீதம் வரை வலு கூடியதாகச் சொன்னார். பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. விளம்பரங்களில் இன்னும் அந்தக் கதையின் எதிரொலி கேட்கிறது, நம்பவேண்டாம்.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதை அதிகம் ஆராய்ந்தவர்கள் ஜேர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பேர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ப்காங் கெம்லரின் குழுவினர். உடம்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் மின்துடிப்புக் கொடுக்கும் அங்கியைப் பயன்படுத்தினார்கள். செக்கனுக்கு 85 துடிப்பு, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 20 நிமிடம், இரண்டு வாரத்தில் மூன்று தடவை. எழுபது வயதைக் கடந்த பெண்களிடம் ஓராண்டு தொடர்ந்தபோது தசை நிறையும் வலுவும் முன்னேறின. எலும்பின் அடர்த்தியில் தெளிவான பயன் கிடைக்கவில்லை.

எலும்பு விடயத்தில் நம்பிக்கை தருவது அவுஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழகத்தில் செய்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 30 நிமிடம், எட்டு மாதங்கள் கடும் பாரம் தூக்கினார்கள். பயிற்றுநர் அருகில் நின்றார். அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி கூடியது. எலும்பு கேட்பது பாரத்தையும் தாக்கத்தையும். படுத்துக்கொண்டு தொடையில் பட்டை ஒட்டினால் தசை துடிக்கும், எலும்பு தூங்கும். அதனால்தான் இரண்டையும் சேர்க்கச் சொல்கிறேன்.

முதற்படி: உங்களுக்கு இது ஆகுமா

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகவேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்வு கொடுக்கும் கருவி பொருத்தியவர்கள், வலிப்பு உள்ளவர்கள், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் ஆகியோர் வைத்தியர் தெளிவாகச் சொல்லாமல் மின்தூண்டலைத் தொடக்கூடாது. வயிற்றில் குடலிறக்கம் இருந்தால் வயிற்றுப் பக்கம் பட்டையே வேண்டாம். யாராக இருந்தாலும் கழுத்தின் முன்புறத்திலும் நெஞ்சுக்குக் குறுக்காகவும் ஒட்டக்கூடாது. புண், படை, புதிய தழும்பு இருக்கும் தோலிலும் கூடாது. செயற்கை மூட்டு வைத்தவர்கள் சத்திரசிகிச்சை செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீனி வருத்தம் நம்மிடையே இவ்வளவு பரவியிருப்பதால் அதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நீண்டகாலச் சீனி, கால் நரம்பின் உணர்ச்சியை மழுங்கடிக்கும். உணர்ச்சி மழுங்கிய தோலில் பட்டை சுட்டாலும் தெரியாது. பட்டை ஒட்டப்போகும் இடத்தில் பஞ்சால் ஒரு தடவை, குளிர்ந்த கரண்டியால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். இரண்டையும் பிரித்து உணர முடியாவிட்டால் அந்தக் கால் மின்னோட்டத்துக்கு உரியதன்று. அதற்கு வலுப்பயிற்சி மட்டும் போதும்.

கொலஸ்திரோலுக்கு ஸ்டற்றின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த மருந்து சிலருக்குத் தசையைத் தாக்கும்; மின்தூண்டலும் தசைக்குப் பாரம். முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியவர்கள் முன்னால் குனிந்து பாரம் தூக்கும் பயிற்சியைத் தவிர்க்கவேண்டும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷர், சீனி பார்ப்பார்கள், இலவசம். அங்கிருந்தோ உங்கள் குடும்ப வைத்தியரிடமிருந்தோ ஒரு கடிதத்துடன் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அந்தப் பிரிவு உண்டு. பெட்டியையும் கையோடு கொண்டுபோய், பட்டை எங்கே ஒட்டுவது என்று உங்கள் காலிலேயே பேனாவால் குறித்து வாங்குங்கள். ஒரு தடவை குறித்துக் காட்டினால் பத்துக் காணொளி பார்ப்பதைவிட மேல்.

இரண்டாம் படி: அளந்து எழுதுங்கள்

கைப்பிடி இல்லாத, உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு சாத்திப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை முழுதாக எழும்பி அமருங்கள். முடிந்தவரை விரைவாகச் செய்யவேண்டும். பேரப்பிள்ளையைக் கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிய நாடுகளின் தசைத்தேய்வு நிபுணர் குழு 2019இல் வகுத்த எல்லைப்படி 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் கவனம் தேவை. அடுத்து, முற்றத்தில் ஆறு மீற்றர் அளந்து கோடு போட்டு, வழமையான வேகத்தில் நடவுங்கள். ஆறு செக்கனுக்கு மேல் எடுத்தால் அதுவும் குறைவுதான். கைப்பிடி வலுவை அளக்கும் கருவி பிசியோதெரபிஸ்ட்டிடம் இருந்தால், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த எண்களைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், அன்றைய திகதிக்குக் கீழே எழுதுங்கள். கொப்பியில் எழுதினால் கொப்பி தொலைந்துவிடும்.

மூன்றாம் படி: நான்கு வாரம் பெட்டியைத் திறக்கவேண்டாம்

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மூட்டும் தசைநாணும் பாரத்துக்குப் பழக முன் மின்னோட்டத்தைச் சேர்ப்பது, அத்திவாரம் காய முன் சுவர் எழுப்புவது போன்றது. முதல் நான்கு வாரம் திங்களும் வியாழனும் மட்டும். ஐந்து நிமிடம் முற்றத்தில் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கதிரையில் அமர்ந்து எழும்புவதுதான் முதற் பயிற்சி. கை ஊன்றாமல் முடியாதவர்கள் கதிரையில் இரண்டு தலையணை போட்டு உயரம் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். இறங்கும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்கவேண்டும். பலன் பாதி அந்த இறக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது வாளி. நமக்கு இரும்புத் தட்டுகள் தேவையில்லை; ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. வாளிக்குள் ஐந்து லீற்றர் ஊற்றினால் ஐந்து கிலோ, ஒரு போத்தல் கூட ஊற்றினால் அதற்கேற்ற பாரம். இதைவிடத் துல்லியமாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய கருவி எந்த உடற்பயிற்சி நிலையத்திலும் இல்லை. வாளியை ஒரு முக்காலியின் மேல் வைத்து, பிடி முழங்கால் மட்டத்தில் வரச் செய்யுங்கள். கால்களுக்கு நடுவே முக்காலி. முதுகைத் தகடுபோல் நேராக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலைச் சற்று மடக்கிப் பிடியைப் பற்றி நிமிருங்கள். நாரி வளைந்தால் வாளி கனம் கூடிவிட்டது என்று பொருள், தண்ணீரைக் கொட்டுங்கள். பழகிய பின் இரண்டு கையிலும் ஒவ்வொரு வாளியுடன் கிணற்றடியிலிருந்து படலை வரை நடப்பது பிடி வலுவுக்கும் சமநிலைக்கும் சேர்த்துப் பயன்படும்.

சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, யன்னல் கம்பியில் இரப்பர் பட்டி கட்டி இழுப்பது, குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்கால் உயர்த்துவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் போதும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்கவேண்டும். ஆனாலும் இன்னும் இரண்டு செய்யலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். பன்னிரண்டும் இலகுவாகிவிட்டால் அரை லீற்றரோ ஒரு லீற்றரோ கூட்டுங்கள். கூட்டாமல் மாதக்கணக்கில் அதே பாரத்தைத் தூக்குவதுதான் நம் பெண்கள் செய்யும் பெரிய பிழை. பாரம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பயமுறுத்தப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். ஏற்கெனவே இறக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு, மெதுவாகக் கூட்டும் பாரம் பகையன்று.

மூச்சை அடக்கக்கூடாது, பாரத்தை உயர்த்தும்போது வெளியே விடுங்கள். பிரஷர் ஏறாமல் இருக்கவும், இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறவர்களுக்கும் இது மிக முக்கியம். அந்தக் கசிவைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே எத்தனை பேர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். எழும்பும் கணத்துக்குச் சற்று முன், சிறுநீரை அடக்குவது போல் உள்ளே இறுக்கிக்கொண்டு எழும்பிப் பழகுங்கள். சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

நான்காம் படி: பெட்டியை அறிதல்

மருந்துக்கடைகளில் கிடைப்பதும் வெளிநாட்டுப் பொதிகளில் வருவதும் பெரும்பாலும் டென்ஸ் எனப்படும் வலி குறைக்கும் கருவி. அது உணர்ச்சி நரம்பைக் கூசச் செய்து வலியை மறைக்கும், தசையைக் கட்டாது. தசைக்கு வேண்டியது ஈஎம்எஸ் எனப்படும் மின் தசைத்தூண்டல் கருவி. இரண்டும் உள்ள பெட்டிகளும் உண்டு. துடிப்பு எண்ணிக்கை, துடிப்பின் அகலம், இயங்கும் நேரம், ஓய்வு நேரம் ஆகிய நான்கையும் நீங்களே மாற்றக்கூடியதாக இருந்தால்தான் நம் வேலைக்கு ஆகும்.

கனடாவிலிருந்து வந்த பெட்டியைச் சொருகும் முன் சார்ஜரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. '100-240' என்று இல்லாத சார்ஜர் இங்கே எரிந்துபோகும். சார்ஜில் போட்டபடி உடம்பில் ஒட்டுவது எப்போதும் கூடாது. மின்கலத்தில் மட்டும் ஓடும் பெட்டியே பாதுகாப்பானது. அது கொடுப்பது மில்லி அம்பியர் அளவிலான குறுந்துடிப்புகள்; சுவர்ச் சொருகியின் மின்சாரத்தோடு அதை ஒப்பிட்டுப் பயப்படத் தேவையில்லை.

அமைக்கவேண்டியவை இவை: செக்கனுக்கு 50 துடிப்பு, அதாவது 50 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 300 மைக்ரோ செக்கன், இயக்கம் 6 செக்கன், ஓய்வு 14 செக்கன், மின்னோட்டம் ஒரேயடியாக வராமல் ஒன்று இரண்டு செக்கனில் படிப்படியாக ஏறுமாறு வையுங்கள்.

ஒரு தொடைக்கு இரண்டு பெரிய பட்டைகள், ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்பது சென்றிமீற்றர். ஒன்று கவட்டிலிருந்து ஒரு சாண் கீழே, தொடையின் முன்பக்கத்தில் சற்று வெளிப்புறமாக. மற்றது முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் மேலே, உட்புறமாக. சிறிய பட்டை ஒரே இடத்தில் குத்தும், பெரிதாக வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு உங்கள் வீட்டு வழக்கம் என்றால் அன்று பட்டை வேண்டாம். தோலில் எண்ணெய்ப் பசை இருந்தால் பட்டை ஓரங்களில் கழன்று, ஒட்டியிருக்கும் சிறு பகுதியில் மட்டும் மின்னோட்டம் குவிந்து சுடும். வியர்வையிலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே, அல்லது விடிகாலையில் செய்யுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த தோலில் ஒட்டுங்கள். பிசுபிசுப்புப் போன பட்டையைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். சேலையோடு இது சரிவராது. தளர்ந்த அரைக்காற்சட்டையோ ஹவுஸ்கோட்டோ போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முதல் சில தடவைகளாவது மகளையோ மருமகளையோ அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மின்னோட்டம் வாரம் ஒரு தடவை மட்டும், அமர்ந்தபடி. முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். பாதம் நகராதபடி கனமான கதிரைக் காலோடு ஊன்றுங்கள். அளவை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கும், பிறகு துடிக்கும், பிறகு தசை தானாக இறுகித் திரளும். திரள்வது கண்ணுக்குத் தெரிந்ததும் அன்றைக்கு அது போதும். முதல் நாள் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து நிமிடம். தசை இறுகும்போது நீங்களும் சேர்ந்து இறுக்குங்கள். கைத்தொலைபேசியில் நாடகம் பார்த்துக்கொண்டு தசையைப் பெட்டியிடம் ஒப்படைத்தால் கிடைக்கவேண்டியதில் பெரும்பகுதி கிடைக்காது.

ஐந்தாம் படி: இரண்டையும் ஒன்றாக்குதல்

ஏழாம் வாரம் முதல், இரு தொடைகளிலும் பட்டையுடன் கதிரையில் அமருங்கள். எட்டும் தூரத்தில் முன்னால் உறுதியான மேசை. அளவை, அமர்ந்தபடி பழகியதைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். மின்னோட்டம் ஏறத் தொடங்கியதும் எழும்புங்கள். ஆறு செக்கன் முடியும் வரை நிமிர்ந்து, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி நில்லுங்கள். அது அடங்கிய பின் மூன்று எண்ணி அமருங்கள். மின்னோட்டம் ஓடும்போது அமர முயலக்கூடாது. இறுகிய தொடை முழங்காலை மடக்க விடாமல் தடுக்கும், சமநிலை தவறும்.

20 செக்கனுக்கு ஒரு தடவை என்பதால் ஒரு நிமிடத்துக்கு மூன்று, ஐந்து நிமிடத்துக்குப் பதினைந்து. இரண்டு நிமிடம் பெட்டியை நிறுத்தி ஓய்வு. மறுபடி ஐந்து நிமிடம். மொத்தம் முப்பது எழுச்சி, அவ்வளவுதான். அதன் பின் பட்டைகளைக் கழற்றிவிட்டு வாளி, சுவர், இரப்பர் பட்டி, குதிக்கால். மின்னோட்டம் முதலில், வாளி பின்னால் என்று நான் வைத்திருப்பதற்குக் காரணம், எழும்பும் பயிற்சியைக் களைக்காத கால்களோடு செய்யவேண்டும் என்பதே. அதனால் அன்று வாளியின் பாரத்தை ஒரு லீற்றர் குறைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வாரம் முடியும் வரை திங்கள் மட்டும் மின்னோட்டம், வியாழன் வெறும் பாரம். ஒன்பதாம் வாரம் முதல், மறுநாள் வலி அளவோடு இருந்தால், இரு நாளும் சேர்க்கலாம். பத்தாம் வாரத்தில் இருந்து அளவை ஏற்றுவதற்குப் பதிலாக, நெஞ்சோடு இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழும்புங்கள். மின்னோட்டத்தை ஏற்றுவதா, பாரத்தை ஏற்றுவதா என்ற கேள்வி வரும்போதெல்லாம் பாரத்தையே ஏற்றுங்கள். மற்றப் பயிற்சிகளில் இப்போது மூன்று சுற்று.

முழு உடல் அங்கியைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டுக்குப் போகும் அம்மாக்களைப் பிள்ளைகள் அந்த நிலையங்களுக்கு அழைத்துப் போகிறார்கள். போகலாம், ஆனால் பயிற்சி பெற்றவர் அருகில் நிற்கும் இடமாக இருக்கவேண்டும். முதல் தடவை 12 நிமிடம் அளவில், மிக மென்மையாக. முதல் எட்டுப் பத்து வாரம் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். எந்தத் தடவையும் 20 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். உடம்பின் பெருந்தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிபடுவதால், முதல் தடவையே கடுமையாகச் செய்தவர்களுக்குத் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு மூன்றாம், நான்காம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ஆகவே மறுநாள் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையக்கூடாது.

அதன் அடையாளங்களைக் கைப்பெட்டி பயன்படுத்துகிறவர்களும் தெரிந்திருக்கவேண்டும். சிறுநீர் சாயத்தேநீர் நிறத்தில் போவது, தசை வீங்கி இறுகுவது, கால் தூக்க முடியாத பலவீனம், குமட்டல். இவற்றில் சிறுநீரின் நிறம் மாறினாலே காத்திருக்கவேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போய், மின்தூண்டல் செய்ததைச் சொல்லுங்கள். பயிற்சிக்கு முன் இரண்டு குவளை, பின் இரண்டு குவளை தண்ணீர் குடிப்பதை வழக்கமாக்குங்கள்.

ஆறாம் படி: தட்டில் என்ன இருக்கிறது

தசை காற்றில் இருந்து வளராது. வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். சோற்றையும் சொதியையும் வைத்துக்கொண்டு இந்த அளவை எட்ட முடியாது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மீன் துண்டு மிஞ்சினால் சாப்பிடும் பழக்கம் உள்ள அம்மாவால் இன்னும் முடியாது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் பங்கை முதலில் எடுத்து வையுங்கள்.

காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். மதியம் 100 கிராம் மீன், ஏறக்குறைய 20. ஒரு சிறு கிண்ணம் கெட்டிப் பருப்பு, 8 அல்லது 9. மாலையில் அவித்த கடலை, அதே அளவு. ஒரு குவளை பால், 6. சிறு கோப்பைத் தயிர், 4. அறுபது வந்துவிட்டது; பிட்டும் சோறும் கொடுப்பது மேலதிகம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவை மீறக்கூடாது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வேண்டும். முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கையிலை எல்லாம் நம் வீட்டிலேயே உள்ளவை. நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழித்துச் சமையுங்கள்.

பன்னிரண்டாம் வாரம்

அதே கதிரை, அதே ஆறு மீற்றர், அதே நாட்காட்டி. மறுபடி அளவுங்கள். கதிரை நேரம் 12 செக்கனுக்குள் வந்து, முழங்கால் பாரத்தைத் தாங்குகிறது என்றால் பெட்டியை உறவினர் ஒருவருக்குக் கொடுக்கலாம். அதன் வேலை முடிந்தது, வாளியின் வேலை தொடரும். முன்னேற்றம் பாதியில் நிற்கிறது, முழங்கால் நோவினால் பாரம் கூட்ட முடியவில்லை என்றால் மின்னோட்டத்தை இன்னும் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் திரும்பிப் போங்கள். தைரொயிட், விற்றமின் டி, இரத்தசோகை பார்க்கவேண்டி வரலாம். கோண்டாவில் அக்கா பெட்டியைத் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது இரண்டு வாளி தூக்கி நடக்கிறார்.

விரத காலத்தை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மச்சம் சேர்க்காத வீடுகளில் மீனும் முட்டையும் போய்விடும். அந்த நாட்களில் பயறு, கடலை, சோயா, உழுத்தங்களி, தயிர் ஆகியவற்றை இரண்டு மடங்காக்கினால் பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும், அல்லது தண்ணீர் மட்டும் என்று இருப்பவர்கள் மின்னோட்டத்தையும் பாரத்தையும் விட்டுவிடவேண்டும். நீர் குறைந்த உடம்பில் தசையைச் சிதைக்கக்கூடாது. கோயிலுக்கு நடந்து போய் வருவது போதும். பாரணைக்குப் பின் இரண்டு நாள் கழித்து, பாதி வாளியோடு தொடங்குங்கள். பெட்டியை அதற்கடுத்த வாரம் எடுங்கள்.